தாய்மாமன் போட்ட ஒற்றை நட்சத்திரம்

பேரம் பேசினால் எதுவும் படியும் என்று நம்பி வளர்ந்தவன் நான். கத்தரிக்காயில் தொடங்கி கல்யாண மண்டபம் வரைக்கும் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை. என் கல்யாணத்தின்போது மேளக்காரரிடம், “தவிலை மட்டும் கொஞ்சம் குறைச்சு அடிச்சா எவ்வளவு ஆகும்?” என்று கேட்ட குடும்பம் எங்களுடையது. (கேட்டது பெரியப்பா. அந்த மேளக்காரர் இன்றுவரை எங்கள் தெருப் பக்கம் வருவதில்லை.) அப்படிப்பட்ட வம்சத்தில் வந்தவன், தன் வியாபாரத்துக்கு வெப்சைட் வைக்கவும் அதை நாலு பேருக்குத் தெரியும்படி செய்யவும் மலிவாக ஆள் தேடிப் புறப்பட்டால் என்ன நடக்கும்? நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் காது சூடாகிறது.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் சில வருடங்கள் இருந்துவிட்டு, காவிரிக் கரையில் என் ஊரான குத்தாலத்துக்கே திரும்பி வந்திருந்தேன். எங்களுக்கு இருந்த நிலம் அம்மாவினுடையது. அவர் கல்யாணமாகி வந்தபோது பிறந்த வீட்டார் மஞ்சள் குங்குமச் செலவுக்கென்று எழுதிக்கொடுத்த வயல். எங்கள் பக்கம் இதை மஞ்சக்காணி என்பார்கள். அம்மா காலமான பிறகு அது என் கைக்கு வந்தது. (இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். பின்னால் என்னை உதைக்கப் போவது இதுதான்.) அதில் விளையும் நெல்லை அரைத்து, பையில் போட்டு, நேராக வீடுகளுக்கு அனுப்புவது என் திட்டம். திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, வாங்கத்தான் ஆள் இல்லை. குறுவை அரிசி முழுக்கக் கூடத்தில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடந்தது. என் மகள் அதன் உச்சியில் ஏறி உட்கார்ந்துதான் டிவி பார்த்தாள்.

இதற்கிடையில் என் மனைவி கலாவிடம் ஒரு வாக்கு வேறு கொடுத்துத் தொலைத்திருந்தேன். பொங்கலுக்குள் வியாபாரம் காலூன்றாவிட்டால் பேசாமல் மறுபடி சிங்கப்பூருக்கே போய்விடுவது. கொடுக்கும்போது வீரமாகத்தான் இருந்தது. மார்கழி பிறந்ததும் நாள்காட்டிப் பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டேன். எனக்குப் போக இஷ்டமே இல்லை. வருடத்துக்கு ஒருமுறை பெட்டியோடு வருகிற ஆளாகவே மகள் என்னைப் பார்த்து வளர்ந்தவள். இப்போதுதான் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட அப்பாதான் வரவேண்டும் என்று அடம்பிடிக்கத் தொடங்கியிருந்தாள். அதை விட்டுவிட்டு இன்னொரு முறை விமானம் ஏற என்னால் முடியாது என்று தோன்றியது.

முதலில் சென்னையில் ஒரு கம்பெனியைக் கூப்பிட்டேன். ஒரு பெண் தேனாகப் பேசினார். பேசி முடித்து ஒரு தொகையைச் சொன்னார். “இது வருஷத்துக்குங்களா?” என்று கேட்டேன். “மாசத்துக்கு சார்,” என்றார். மாதாமாதம் அவ்வளவு பணம் என்னிடம் இருந்தால் நான் எதற்கம்மா அரிசி விற்கிறேன் என்று கேட்க நினைத்து, “வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன்,” என்று வைத்துவிட்டேன்.

அடுத்தவர் கும்பகோணத்துக்காரர். பாதி விலைக்குப் படிந்தார். (படிந்தவுடனே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.) ஒரே வாரத்தில் வெப்சைட் தயார் என்று அனுப்பினார். தங்க நிறத்தில் ஒரு வயல், நடுவில் சிரித்துக்கொண்டே ஒரு விவசாயி. நான் பெருமையாகக் கலாவிடம் நீட்டினேன். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள்.

“என்னங்க, இது கோதுமை.”

“நல்லாப் பாரு.”

“நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன். இந்த ஆளு வெள்ளைக்காரரு.”

கும்பகோணத்துக்காரரிடம் கேட்டேன். “விவசாயிதானே சார், எங்க இருந்தா என்ன?” என்றார். கொடுத்த முன்பணத்தைப் பற்றி அதற்கப்புறம் நாங்கள் இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாவதாகக் கிடைத்தவர்தான் எஸ்தர். தரங்கம்பாடியில் அவர் வீட்டு மாடியிலிருந்தே, சின்னக் கடைக்காரர்களுக்கு வெப்சைட், விளம்பரம் எல்லாம் செய்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். சென்னையில் வேலை பார்த்து, அலுத்துப்போய் ஊருக்குத் திரும்பியவர். என்னைவிட இளையவர். விலை நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் ரத்தம் சும்மா இருக்குமா?

“கொஞ்சம் பாத்துப் போடுங்கம்மா.”

“பாத்துத்தான் அண்ணே போட்டிருக்கேன். இன்னொரு தடவ பாத்தா ஏறும்.”

சட்டென்று பணத்தை எண்ணி வைத்தேன்.

எஸ்தர் எங்கள் வயலுக்கே வந்து படம் எடுத்தார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த என் மகளையும் எடுத்தார். எல்லாம் முடிந்து, “எங்களைப் பத்தின்னு ஒரு பக்கம் இருக்கு அண்ணே. யாரு நிலம், எப்படி வந்துச்சு, யாரு பாத்துக்கறாங்க, உள்ளது உள்ளபடி நாலு வரி எழுதிக் குடுங்க,” என்றார்.

உள்ளபடி எழுதினால் யார் படிப்பார்கள் என்று நினைத்தேன். “நான்கு தலைமுறைகளாக எங்கள் தந்தைவழி முன்னோர் காவிரி நீரோடு தங்கள் வியர்வையையும் கலந்து விளைவித்த மண் இது,” என்று ஆரம்பித்து ஒரு பக்கத்துக்கு எழுதித் தள்ளினேன். என் அப்பா தாலுகா ஆபீசில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்து வேலை பார்த்தவர். தாத்தா சைக்கிள் கடை வைத்திருந்தார். அதற்கு முந்தைய தலைமுறையைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. பக்கத்துக்கு அழகு சேர்க்கப் பெரியப்பாவுக்குத் தலைப்பாகை கட்டி வரப்பில் நிறுத்திப் படம் எடுத்தோம். அவர் அந்த வயலில் செருப்பைக் கழற்றியதே அன்றுதான்.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து வசந்தா அம்மா கூப்பிட்டார். வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஹாஸ்டல்கள் நடத்துகிறவர். எஸ்தர் போட்ட விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ஒரு பை வாங்கியிருந்தார்.

“அரிசி நல்லாருந்துச்சு தம்பி. ஆனா ஒரு பை நல்லா வர்றது பெரிசில்ல. மாசா மாசம் அப்படியே வரணும். வாங்கினவங்க என்ன சொல்றாங்கன்னு நெட்ல பாத்துட்டு முடிவு சொல்றேன்.”

அந்த ஒரு ஆர்டர் கிடைத்தால் கூடத்து மூட்டை மொத்தமும் காலி. நான் சிங்கப்பூர் போக வேண்டாம். உடனே எஸ்தருக்குப் போன் போட்டேன். நெட்டில் எங்கள் கடைக்கு நட்சத்திரம் போடுகிற இடத்தில் அதுவரை ஈ கூட உட்காரவில்லை.

“வாங்கினவங்ககிட்ட கேளுங்க அண்ணே. நாலஞ்சு பேரு எழுதுனாலும் போதும். உண்மையா இருக்கணும், அவ்வளவுதான்.”

வாங்கினவர்கள் என்று பார்த்தால் வசந்தா அம்மாவும், பழைய சிங்கப்பூர் நண்பன் ஒருவனும்தான். ஆனால் சும்மா வாங்கிக்கொண்டு போனவர்கள் நிறைய இருந்தார்கள். சொந்தக்காரர்கள் வீட்டில் எல்லாம் என் அரிசிதான் வெந்துகொண்டிருந்தது. சாப்பிட்டவர்கள் சொல்லட்டுமே என்று, போனில் எங்கள் குடும்ப குரூப்பில் ஒரு செய்தியைத் தட்டிவிட்டேன். “அன்பு உறவுகளே, கீழே உள்ளதை அழுத்தி நமது கடைக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு ஆதரவு தரவும்.” தட்டிவிட்டு நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

எங்கள் பக்கம் ஒரு காதுகுத்து என்றால்கூடத் தாய்மாமன் வீட்டுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம் வைத்து, குடும்பத்தோடு நேரில் போய்ச் சொல்லிவிட்டுத்தான் மற்ற வீட்டு வாசலையே மிதிக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதது இல்லை. நட்சத்திரத்துக்கும் இது பொருந்தும் என்பதுதான் தெரியாது.

குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெரியப்பா முதல் ஆளாகப் போட்டிருந்தார். ஐந்து நட்சத்திரம். “சிரஞ்சீவி செந்தில் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க. இங்ஙனம், பெரியப்பா, பெரியம்மா மற்றும் குடும்பத்தார்.” அடுத்து அத்தை. “எனக்கு அரிசி இன்னும் வந்து சேரவில்லை. வந்தாலும் நன்றாகத்தான் இருக்கும்.” அவருக்கும் ஐந்து. துபாயில் இருக்கும் சித்தி மகள், “அரிசி சூப்பர். அம்மா போனை எடுக்க மாட்டேங்குறா, யாராவது போய்ப் பாருங்க,” என்று எழுதியிருந்தாள். பெரியப்பா இதோடு விட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். தான் போட்டதைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டு, “முதல் நட்சத்திரம் நம்முடையது,” என்று ஒரு வரியும் சேர்த்துவிட்டார்.

அந்தக் குரூப்பில் ஆடுதுறை மாமாவும் இருந்தார். என் தாய்மாமன். கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முறை, மரியாதை விஷயத்தில் அரைப் புள்ளி குறைந்தாலும் கையெழுத்துப் போடாதவர். மத்தியானத்துக்குள் அவருடைய கருத்து வந்துவிட்டது. ஒரே ஒரு நட்சத்திரம்.

“அரிசி நல்லா இருக்கு. ஆள் சரியில்லை. தாய்மாமனை வந்து கேக்கத் தெரியாதவன். இங்ஙனம், ஆடுதுறை மாமா.”

இதைப் படித்து நான் திகைத்து நிற்கும்போதே அதற்குக் கீழே என் கடையின் பதில் தானாகவே வந்து நின்றது. யார் குறை சொன்னாலும் உடனே பணிவாகப் பதில் போகும்படி எஸ்தர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். “அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். எங்கள் குழு விரைவில் தங்களைத் தொடர்புகொள்ளும்.”

மடியில் உட்கார வைத்து எனக்குக் காது குத்தியவரை நான் வாடிக்கையாளர் என்று கூப்பிட்டிருந்தேன்.

அப்புறம் நடந்ததை மகாயுத்தம் என்றுதான் சொல்ல வேண்டும். மாமி ஒரு நட்சத்திரம் போட்டார். “அரிசியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இவன் கல்யாணத்தில் எங்கள் வீட்டாருக்குக் கடைசிப் பந்தி.” மாமாவின் சம்பந்தி, என்னைப் பார்த்தே இராதவர், “சோறு பூவாக வருகிறது. பையனுக்குப் பணிவு போதாது,” என்று எழுதி ஒன்று போட்டார். பெரியப்பா கட்சி சும்மா இருக்குமா? “கடைசிப் பந்தியில்தான் பாயசம் அதிகம்,” என்று எழுதி ஐந்து போட்டார்கள். ஒவ்வொரு ஒற்றை நட்சத்திரத்துக்குக் கீழேயும் எங்கள் குழு வருந்திக்கொண்டே இருந்தது.

எஸ்தருக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

“நம்மளால அழிக்க முடியாது அண்ணே. போட்டவங்கதான் மாத்தணும்.” சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. “அந்தப் பதிலை வச்சது என் தப்புதான். மாமாவுக்குன்னு தனியா ஒண்ணு வைக்கணும்னு தோணல. எங்க வீட்லயும் மாமா இருக்காரு. அவரு நட்சத்திரமெல்லாம் போட மாட்டாரு, சர்ச் வாசல்ல வச்சு நேராவே கேட்டுருவாரு.”

“இப்ப நான் என்னம்மா பண்றது?”

“ஆடுதுறைக்குப் போங்க. வேற வழி இல்ல.”

வசந்தா அம்மா எந்த நிமிஷமும் பார்த்துவிடலாம். மறுநாள் காலையில் தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, சீப்புப் பழம், தேங்காய், பூ எல்லாம் அடுக்கினோம். கலா பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள். மகளுக்குப் பாவாடை சட்டை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர், “என்ன விசேஷம்?” என்று கேட்டார். நட்சத்திரம் கேட்கப் போகிறோம் என்று எப்படிச் சொல்வது? “குடும்ப விஷயங்க,” என்றேன். கலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

மாமா வாசலிலேயே நின்றிருந்தார். எங்கள் மூவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“இதுதான் அந்தக் குழுவா?”

“மாமா...”

“உள்ள வாங்க. குழுவை வாசல்ல நிக்க வைக்கறது மரியாதை இல்ல.”

உட்கார்ந்தோம். மாமி காபி கொண்டுவந்து, கலாவுக்கும் மகளுக்கும் கொடுத்துவிட்டு, எனக்கு மட்டும் டம்ளரைத் தரையில் வைத்தார்.

“எனக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துறேன்னு போட்டிருந்தே,” என்றார் மாமா. “எனக்கு என்ன சிரமம்? நான் சௌக்கியமாத்தான் இருக்கேன்.”

“மாமா, அதை நான் எழுதல. மெஷின் தானா போட்டது.”

“நட்சத்திரம் கேட்டது யாரு? அதுவும் மெஷினா?”

கலா என்னைக் காப்பாற்றுவாள் என்று பார்த்தேன். அவள் மிக அக்கறையாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மாமா போனை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் எழுதிய அந்தப் பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தார். முன்னோர், காவிரி, வியர்வை எல்லாம் அந்தக் கூடத்தில் கேட்கவே கூசியது.

“உங்கப்பாரு நல்ல மனுஷன். ஆனா எந்த வயல்லடா வேர்வை சிந்துனாரு? அவருக்கு வெயில்ல நின்னாலே தலைவலி வரும்.” போனைக் கீழே வைத்தார். “நட்சத்திரத்தை விடு மாப்ள. அது எங்க அக்காவுக்கு நாங்க எழுதிக் குடுத்த நிலம். அக்கா பேரு இதுல எங்கயாவது வருதான்னு பாத்தேன். விரலால தள்ளித் தள்ளிக் கடைசி வரைக்கும் போனேன். வெள்ளத்துல பயிரு மூழ்குனப்ப முழங்கால் தண்ணியில நின்னவ அவ. அவ பேரு இல்ல. உங்க பெரியப்பன் தலைப்பா கட்டிக்கிட்டு நிக்கிறான்.”

அவர் குரல் உடைந்தது. அதுவரை எல்லாமே எனக்கு வேடிக்கையும் எரிச்சலுமாகத்தான் இருந்தது. அந்த நிமிஷம் வெட்கத்தில் தலை நிமிரவில்லை. அம்மாவை எனக்கு எவ்வளவு பிடிக்கும், அவர் பெயரை எழுத எனக்கு ஏன் தோன்றவே இல்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுந்து தாம்பாளத்தைக் கொடுத்து, மாமா காலில் விழுந்தேன். ஆர்டருக்காக விழவில்லை.

“சரி விடுங்க, புள்ள வந்துட்டான்ல,” என்றார் மாமி. என் காபி டம்ளர் தரையிலிருந்து கைக்கு வந்தது.

மாமா மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடி போனை எடுத்தார். “எதை அமுக்கணும், காட்டு.” நான் பாய்ந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் விரலை நீட்டியபோது மாமி சுவரில் இருந்த நாள்காட்டியைப் பார்த்தார்.

“என்னங்க, இன்னிக்கு அஷ்டமி.”

மாமா விரலை மடக்கிக்கொண்டார். “நல்ல காரியம். அஷ்டமியில வேண்டாம்.”

“நாளைக்கு மாமா?”

“நாளைக்கு நவமிடா. ஒண்ணும் தெரியாம வியாபாரம் பண்றே.”

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. வசந்தா அம்மா. சிங்கப்பூர் விமான நிலையமே என் கண் முன்னால் வந்துவிட்டது. அவசரத்தில் எதையோ அழுத்த, அவர் பேசுவது கூடம் முழுக்கக் கேட்டது.

“தம்பி, நேத்துலேர்ந்து எங்க ஹாஸ்டல்ல யாரும் டிவியே போடல. உங்க சொந்தக்காரங்க எழுதுறதைத்தான் புள்ளைங்க எல்லாம் உக்காந்து படிக்கிறாங்க.”

“அம்மா, அது வந்து...”

“இருங்க, நான் சொல்லிடறேன். எல்லாக் கடையிலயும் நல்லாருக்கு நல்லாருக்குன்னுதான் போட்டிருப்பாங்க, யாரை நம்பறது? உங்க வீட்டுல ரெண்டு கட்சியா பிரிஞ்சு அடிச்சுக்கறாங்க. ஆனா ரெண்டு கட்சியும் ஒத்துக்கற ஒரே விஷயம் அரிசிதான். அவ்வளவு கோவத்துலயும் அந்த மாமா அரிசியை ஒரு வார்த்தை தப்பா சொல்லல. எனக்கு அது போதும். இந்த மாசத்துலேர்ந்தே அனுப்புங்க. அதோட முதல்ல அந்த மாமாவைப் போய்ப் பாருங்க தம்பி.”

“அவர் எதிர்லதான் இருக்கேன்மா.”

மாமா என் கையிலிருந்து போனை வாங்கினார். நிமிர்ந்து உட்கார்ந்தார். “அரிசிக்கு என்னம்மா குறை? அது எங்க அக்கா நிலம்,” என்றார். போனை என்னிடமே நீட்டிவிட்டார்.

கலா என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நான் ஊரில் இல்லாவிட்டால் நிம்மதி என்று அதுவரை சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள்.

அன்று சாயங்காலமே ‘எங்களைப் பற்றி’ பக்கத்தை எஸ்தரிடம் சொல்லி மாற்றினேன். மாமா வீட்டுச் சுவரில் இருந்த அம்மாவின் படம் இப்போது அதில் இருக்கிறது. பையிலும் தனலெட்சுமி அரிசி என்று அவர் பெயர்தான். (பெரியப்பாவின் தலைப்பாகைப் படத்தைப் பெரிதாக்கி அவர் வீட்டுக்கே சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டோம். சந்தோஷமாக மாட்டியிருக்கிறார்.) எஸ்தர் இன்றும் எங்கள் வேலையைப் பார்க்கிறார். புதிதாக வருகிற கடைக்காரர்களிடம், “இவரு வெப்சைட்டுக்குப் பெரிய விளம்பரம் பண்ணது நான் இல்ல, இவரு மாமா. சம்பளம் ஒரு சீப்புப் பழம்,” என்று சொல்லிச் சிரிக்கிறாராம்.

எங்கள் வீட்டில் மாமா எழுதிய அந்த வரி நிலைத்துவிட்டது. நான் சட்டையைக் கழற்றிக் கண்ட இடத்தில் போட்டால், “சட்டை நல்லாருக்கு, ஆள் சரியில்லை,” என்கிறாள் கலா. பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னபோது என் மகளும் அதையே சொல்லிவிட்டு வந்தாள். டீச்சர் எனக்குப் போன் செய்து, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

மாமா அஷ்டமி, நவமி எல்லாம் கழிந்து, தசமியன்று நல்ல நேரம் பார்த்து நட்சத்திரத்தை மாற்றினார். ஒன்றை இரண்டாக்கினார். அடுத்த பொங்கலுக்குத் தாம்பாளத்தோடு போனோம், மூன்றானது. அதற்கடுத்த வருடம் நான்கு. அதோடு நின்றுவிட்டது. வருடா வருடம் போகிறோம், விழுகிறோம், மாமி காபி தருகிறார், நட்சத்திரம் மட்டும் நகர்வதில்லை. போன பொங்கலுக்குப் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன்.

“மாமா, அந்த அஞ்சாவதுல என்னதான் குறை?”

அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டே சொன்னார்.

“அதையும் போட்டுட்டா, அப்புறம் நீ எதுக்குடா வரப்போறே?”